கோவம் ஆறி, கதை தொடங்கும்வரை: ஒழுங்கு பிசகாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் "கோவம்" என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. "அவருக்குக் கோவம் வந்திட்டுது" என்றால் கத்தினார், கோப்பையை எறிந்தார். "அவையோட நாங்கள் கோவம்" என்றால் இரண்டு வீட்டுக்கும் கதை, அதாவது பேச்சுவார்த்தை, இல்லை. முதலாவது பத்து நிமிடத்தில் அடங்கும். இரண்டாவது பத்து வருடம் போகும். நானும் அண்ணையும் ஏழு வருடம் கோவம். தண்ணீர் இறைக்கிற ஒரு மிசினில் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் உளவளத்துணை படித்தவன் இல்லை. கோண்டாவிலில் கொஞ்சம் வெங்காயத் தோட்டம், ஒரு சின்னக் கடை. கோவத்தை ஆற்றித் திரும்பக் கதைக்கத் தொடங்குகிற இந்த வழியை முதலில் மனைவியோடும் பிறகு அண்ணையோடும் செய்து பார்த்தேன். அதற்குப் பிறகு கேட்டு வந்த பதினைந்து இருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனம் எல்லோருக்கும் இருந்தது. அனேகம் பேர் ஏழாவது படியை முதலாவதாகச் செய்து கவிழ்ந்தார்கள். ஆகையால் கீழே உள்ளதில் எதை மாற்றினாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்க முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஒரு கேள்வி: வீட்டில் யாராவது கை நீட்டியிருக்கிறார்களா? அடி வாங்குபவர் நீங்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு எழுதியது இல்லை. அவரை நெருங்குவது உங்கள் வேலையும் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 12 மாதம் வரைக்கும் தருவார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கை நீட்டுபவர் நீங்கள் என்றால் நேரே பத்தாவது பகுதிக்குப் போய், அதைச் செய்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

அடுத்தது உடம்பு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கினால் எரிச்சல் வரும். தைரொயிட் கூடினாலும் அப்படித்தான். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் சினமாகவே வருவது சாதாரணம். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு கிழமை கொப்பி எழுதியும் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. இரத்தம் சோதித்துப் பார்த்தபோது தைரொயிட். ஆகவே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தக் காசு வீண்போகாது.

பின்னேரம் சாராயம் எடுக்கிற பழக்கம் இருந்தால், எடுத்த இரவுகளில் இந்தப் படிகள் ஒன்றையும் செய்யாதீர்கள். வெறியில் கேட்ட மன்னிப்பை விடியக் காலையில் யாரும் கணக்கெடுப்பதில்லை.

காலம் ஏறத்தாழ எட்டுக் கிழமை வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் தொடங்க வேண்டாம். வீடு நிறைய வெளிநாட்டுச் சனம், பாதிப்பேர் விரதம், எல்லோருக்கும் நித்திரை இல்லை. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பொருட்கள்: ஒரு கொப்பி, ஒரு பேனை, வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கக்கூடிய ஓர் இடம். எனக்குக் கிணத்தடி.

2. ஒரே ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரோடும் ஒரே நாளில் நல்ல பிள்ளையாகப் பார்ப்பார்கள். மனைவி, மகன், மச்சான், பக்கத்து வீடு, நாலுபேரும். மூன்றாம் நாள் களைத்துப்போய் எல்லோர் மீதும் எரிந்து விழுவார்கள்.

ஒருவரை எடுங்கள். அவர் ஆகக் கடினமான ஆளாக இருக்கவும் கூடாது. காணி வழக்கு நடக்கிற தமையனில் தொடங்காதீர்கள். நாளாந்தம் முகம் பார்க்கிற ஒருவர் நல்லது, ஏனென்றால் பழகுவதற்குச் சந்தர்ப்பம் அடிக்கடி கிடைக்கும். நான் மனைவியில் தொடங்கினேன். அண்ணை இரண்டாம் வருடம்தான்.

எல்லைக் கல், வேலி, பாதை இவற்றில் வந்த பிணக்கு என்றால் அதை இங்கே கொண்டு வராதீர்கள். அதற்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. காணியை அவர்கள் பார்க்கட்டும், உறவை நீங்கள் பாருங்கள். இரண்டையும் ஒரே கதையில் கலந்தால், "காணிக்காகத்தான் இப்ப சிரிச்சுக்கொண்டு வாறான்" என்று மற்றவர் நினைப்பார். அதில் அவரைப் பிழை சொல்லவும் ஏலாது.

3. ஒரு கிழமைக்குக் கொப்பி எழுதுங்கள்

இந்தக் கிழமை எதையும் திருத்த வேண்டாம். கொதி (கத்த வைக்கிற அந்த முதலாவது வகைக் கோவம்) வந்த ஒவ்வொரு தடவையும் ஐந்து விசயம் எழுதுங்கள்: நேரம், அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் நடந்தது, என்ன நடந்து கொதி வந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, வாயில் வந்த வசனம் அப்படியே.

என்னுடைய கொப்பியில் இருந்து ஒன்று:

"செவ்வாய். மத்தியானம் 1.40. கடையால வந்தனான், நல்ல பசி. கறிக்கு உப்புக் காணாது. 'ஒருநாளாவது ஒழுங்காச் சமைச்சிருக்கிறியோ' எண்டு கேட்டன். நாடி இறுகினது, காது சூடு. அதுக்கு முன்னம்: வெங்காயக் காசு இன்னும் போடேல்லை எண்டு கொழும்புக்காரனுக்குப் போன். அவன் எடுக்கேல்லை."

இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழாவது நாள் முழுவதையும் வாசித்தபோது, பதினொன்றில் ஏழு தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் வந்திருந்தது. ஆறு தடவை காசுக் கதை ஒன்றுக்குப் பிறகு. ஒருதடவைகூடக் காசு தரவேண்டியவனிடம் நான் சத்தம் போட்டதாக இல்லை. அவனிடம் "பரவாயில்லைத் தம்பி, ஆறுதலாப் போடும்" என்று சொல்லியிருக்கிறேன். கொதி எங்கே செல்லுமோ அங்கேதான் போயிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கே வெக்கமாக இருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்த முதல் மாற்றம் மிக எளிது: கடையிலேயே பன்னிரண்டரைக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு வாய்ப்பனும். கொதியில் கால்வாசி அதோடேயே போனது.

இந்தப் படியில் அனேகம் பேர் விடுகிற பிழை, மற்றவரின் குற்றங்களை எழுதுவது. "அவர் இண்டைக்கும் பிந்தித்தான் வந்தவர்", "மாமி திரும்பவும் குத்திக் கதைச்சவ". ஒரு பிள்ளை இப்படி நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். வாசித்தால் வழக்குப் பதிவு மாதிரி. அப்படி எழுதினால் கொதி குறையாமல் கூடும். வசனத்தில் "நான்" இல்லாவிட்டால் அந்த வரியை வெட்டுங்கள்.

4. முதலில் உடம்பை இறக்குங்கள்

இரண்டாம், மூன்றாம் கிழமைகள் இதற்கு மட்டும்.

கொதி வரும்போது உடம்பு சண்டைக்கு ஆயத்தமாகிறது. அட்ரினலின் ஓடும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே நிற்கும். தம்பதிகளின் சண்டைகளைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வதை உள்வாங்குவது கடினம் என்கிறார். உடம்பு திரும்பி இறங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் தேவை என்பதும் அவருடைய கணக்கு. ஆகவே அந்த 20 நிமிடத்துக்குள் நியாயம் கதைப்பதில் பலனில்லை. உங்கள் நியாயம் சரியாகவே இருந்தாலும் உள்ளே போகாது.

செய்ய வேண்டியது:

சொல்லிவிட்டுப் போங்கள். "எனக்குக் கொதி வருது. கிணத்தடிக்குப் போட்டு அரை மணித்தியாலத்தில வாறன்." இந்த வசனத்தில் மூன்று துண்டு இருக்கிறது: என்ன நடக்கிறது, எங்கே போகிறேன், எப்போது வருவேன். மூன்றாவதை விட்டால் மற்றவருக்கு அது கோவித்துக்கொண்டு போனதாகத்தான் படும். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் வெளிக்கிடுவார்கள்: படலையை அடித்துச் சாத்தி, மோட்டார் சைக்கிளை உதைத்து, இரவு பத்து மணிக்கு வந்து பேசாமல் படுப்பது. அது விலகல். இடைவேளை என்று அதைச் சொல்ல ஏலாது. அதோடு கொதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவது உயிருக்கும் கூடாது.

மூச்சு. நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சளவில் வரும். விடுகிற மூச்சு நீளமாக இருப்பது முக்கியம். இதயத்தை மெதுவாக்குவது அதுதான்.

"விறகு கொத்தினால் ஆறும்", "தலையணையைக் குத்தினால் ஆறும்" என்று சொல்வார்கள். ஆறாது. பிரட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002இல் 600 மாணவர்களை வைத்துப் பார்த்தார். கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் ஆகக் கூட இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களுக்கு ஆகக் குறைவு. 2024இல் அவரும் சோஃபி கியார்விக் என்பவரும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதேதான்: உடம்பின் வேகத்தைக் கூட்டுகிற வேலைகளை நம்ப முடியாது, குறைக்கிற வேலைகள் உதவும். எனக்கு உதவியது குளிப்பு. வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவது. மோட்டரைப் போட்டுக் குழாயில் குளித்தால் அவ்வளவு சரிவரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒரு நுணுக்கம். கிணத்தடியில் நின்றுகொண்டு, "அவ அப்பிடிச் சொன்னா நான் இப்பிடிச் சொல்லியிருக்க வேணும்" என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் 20 நிமிடம் 20 நிமிடமாகாது. உடம்பு சண்டையிலேயே நிற்கும். எத்தனை வாளி என்று எண்ணுங்கள், கத்தரிக்கு எப்போது உரம் போடுவது என்று யோசியுங்கள்.

சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். இன்னும் ஆறவில்லை என்றாலும் வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் வேணும், சாப்பிட்டாப் பிறகு கதைப்பம்" என்று சொல்லுங்கள். முதல் மூன்று தடவை என் மனைவி நம்பவில்லை. நாலாம் தடவை நான் திரும்பி வரும்போது துவாய் கதிரையில் கிடந்தது.

5. கொதிக்கு அடியில் இருப்பதற்குப் பேர் வையுங்கள்

உடம்பு இறங்கிய பிறகு, அன்றிரவே கொப்பியில் இன்னொரு வரி: அந்தக் கொதிக்கு அடியில் என்ன இருந்தது?

"கோவம்" என்றே திரும்ப எழுதாதீர்கள். எங்களிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன: அந்தரம், ஏக்கம், வெக்கம், பயம், களைப்பு, ஏமாற்றம், தனிமை. ஆக அடிக்கடி வருவது, "என்னைக் கணக்கெடுக்கேல்லை" என்பது. என்னிடம் வந்தவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் கடைசியில் இந்த வசனத்தில்தான் வந்து நின்றார்கள். உணர்வுக்குச் சொல் கொடுப்பது வெறும் எழுத்து வேலை இல்லை. மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளைப்படம் எடுத்துப் பார்த்தபோது, உணர்வைப் பேர் சொல்லிக் குறிப்பிடும் நேரத்தில், ஆபத்தைக் கண்டால் துடிக்கிற அமிக்டலாவின் வேகம் குறைந்தது.

இப்போது மிசின் கதை. அண்ணை இரண்டு நாளுக்கு என்று மிசினை வாங்கிக்கொண்டு போனார், பதினேழாம் நாள் உடைந்து வந்தது. நான் அவருடைய வளவு வாசலில் நின்று கத்தினேன். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதைக் கொப்பியில் எழுதி, அடியில் என்ன என்று கேட்டபோது மிசின் வரவே இல்லை. ஐயாவின் அந்தியேட்டிக்கு (செத்தவருக்குச் செய்கிற சடங்கு) யார் யாருக்குச் சொல்வது என்று அண்ணை என்னைக் கேட்காமல் முடிவெடுத்தது வந்தது. அது மிசினுக்கு மூன்று வருடம் முந்தியது.

அதற்கும் கீழே போனால் வேறொன்றும் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் பலவற்றில், அன்று யார் எதைத் தூக்கினார், யார் யாரை விட்டுவிட்டு நடந்தார் என்ற கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கும் என்று எழுதியிருக்கிறார். உணர்ச்சியை வெளியில் காட்டாமல் இருந்தது அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது. அதே பழக்கம் இப்போது பிள்ளைகளுக்குக் கல் நெஞ்சாகத் தெரிகிறது. இந்தப் படியில் அந்தக் கணக்குகளைத் தோண்ட வேண்டாம். பேர் மட்டும் வையுங்கள், மூடிவிடுங்கள். எழுதும்போது நித்திரை போகிறது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் நிறுத்திவிட்டு பத்தாவது பகுதியைப் பாருங்கள்.

6. சின்னக் கதைகளைத் தொடங்குங்கள்

நாலாம் கிழமையிலிருந்து ஆறாம் கிழமைவரை. ஆகக் கூடுதலான ஆட்கள் தாண்டிக் குதிக்கிற படி இதுதான்.

கொப்பி எழுதியாயிற்று, உடம்பும் அடங்கியது, ஒரு வெளிச்சமும் வந்தது. உடனே போய், "வா, மனம் விட்டுக் கதைப்பம்" என்று நிற்பார்கள். மாதக்கணக்கில் ஒழுங்காகக் கதைக்காத மனிதர் திடீரென்று இப்படி வந்தால் மற்றவருக்கு என்ன தோன்றும்? ஏதோ கேட்க வருகிறார், அல்லது ஏதோ வருத்தம் வந்துவிட்டது. பயந்து கதவைச் சாத்துவார். பிறகு இவர், "நான் இறங்கிப் போனன், அவதான் வரேல்லை" என்று புதிதாக ஒரு கோவம் தொடங்குவார்.

கதைக்காத வீட்டில் முதலில் வரவேண்டியது பெறுமதி இல்லாத கதை. மழை வருமா, சுன்னாகத்தில் மரக்கறி என்ன விலை, சொதிக்குத் தேங்காய்ப்பால் காணுமா. கொட்மன் கணக்கில், நிலைத்து நிற்கிற தம்பதிகளிடம் சண்டைக்கு நடுவிலேயே ஒரு கசப்புக்கு ஐந்து இதமான சொல்லோ செயலோ இருக்கும். பெரிய கதை எப்படியும் கசக்கும். அதற்கு முன்னம் கையிருப்புச் சேர்க்க வேண்டும்.

முதலில் பிள்ளையைத் தபாற்காரன் வேலையில் இருந்து எடுங்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு இப்படித்தான் நடந்தது. புட்டைக் கோப்பையில் போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடி, மேசையில் வைத்துவிட்டு மனைவி குசினிக்குள் நின்று மகனிடம் சொல்வா: "அப்பாட்டச் சொல்லு சாப்பாடு இருக்கெண்டு." நான் நாலடி தள்ளி விறாந்தையில். எனக்கு வடிவாகக் கேட்கும். மகன் வந்து, "அப்பா, சாப்பாடு இருக்காம்." நான்: "பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லு." அவன் திரும்பிப் போவான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

முதல் நாள் நான் மாற்றியது ஒரே ஒரு சொல். மகன் வர முன்னம் விறாந்தையில் இருந்தே, "ஓம், வாறன்" என்றேன். பதில் இல்லை. அடுத்த நாளும் அதே. நாலாம் நாள் மகன் வரவில்லை. "சாப்பாடு ஆறுது" என்று குசினியில் இருந்து நேரே வந்தது. யாருக்கு என்று பேர் இல்லாமல்தான். பரவாயில்லை.

சின்னக் கதைக்கு மூன்று கட்டுப்பாடு. பழைய விசயத்தை வாலில் கட்டக்கூடாது: "பிளேன்ரீ போடட்டோ, நீர்தான் எனக்கு ஒருநாளும் போடமாட்டீரே" என்றால் அந்தப் பிளேன்ரீயைக் கிணத்துக்குள் ஊற்றலாம். பதிலை எதிர்பார்த்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஒரே நாளில் பத்துச் செய்யக்கூடாது. ஒன்று இரண்டு போதும், நாள் தவறாமல்.

வேறு வீட்டில் இருக்கிற உறவுக்குச் சொல்லுக்குப் பதிலாகப் பொருள். அண்ணை வீட்டுக்குக் கடைப் பெடியனிடம் முருங்கைக்காய் பத்துக் கொடுத்துவிட்டேன். பை வெறுமையாகத் திரும்பி வந்தது. அடுத்த மாதம் ஒரு பலாப்பழப் பாதி. பை வெறுமை. மூன்றாவது தடவை கத்தரிக்காய் அனுப்பினேன். பையின் அடியில் நாலு தேசிக்காய் கிடந்தது. மச்சாள் போட்டாவோ அண்ணை போட்டாரோ தெரியாது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, அடுத்த மாதம் திரும்பவும் முருங்கைக்காய் அனுப்பினேன்.

செத்தவீட்டையும் விடாதீர்கள். கோவமான வீட்டின் நல்லதுக்கு அவர்கள் சொல்லாமல் போக ஏலாது. செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகலாம் என்பது எங்கள் வழக்கம். போய்க் கதிரை அடுக்கலாம், பந்தல் கயிறு பிடிக்கலாம். அங்கே பக்கத்தில் நின்று, "கயிறை இஞ்சால இழு" என்று சொல்வதும் ஒரு கதைதான்.

7. பெரிய கதை

சின்னக் கதை இரண்டு கிழமை முறியாமல் போயிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

எங்கள் ஊரில் "பேசுறது" என்றால் ஏசுவது. "கதைக்கிறது" என்றால்தான் கதைப்பது. "அப்பா பேசிப்போட்டார்" என்று பிள்ளை அழுதால் எல்லோருக்கும் விளங்கும். இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது கதைக்கிறது. வாயைத் திறந்த முதல் மூன்று நிமிடத்தில் எது என்று முடிவாகிவிடும். 1999இல் கொட்மனும் சிபில் கரேரும் புதிதாகக் கலியாணம் செய்த 124 சோடிகளை வைத்துச் செய்த ஆய்வு அந்த மூன்று நிமிடத்தைப் பற்றியதுதான்: சண்டைக் கதை எப்படித் தொடங்கியது என்பதை வைத்தே, பின்னால் பிரிந்தவர்களை அவர்களால் இனங்காண முடிந்தது.

நேரம்: இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு. நித்திரைக்குக் கிட்டவாக வேண்டாம். இடம்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி. நேருக்கு நேர் இருத்தினால் பொலிசில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டோ, தோட்டத்து வரம்பில் இருந்துகொண்டோ கதைப்பது எவ்வளவோ சுகம். கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, கைக்கும் வேலை இருக்கும். வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்ப வேண்டாம். ஆறு நிமிடக் குரலை மற்றவர் நாலு தடவை கேட்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குத்தல் கண்டுபிடிப்பார்.

வசனம்: நடந்தது, எனக்குள் வந்தது, எனக்கு வேண்டியது. இந்த ஒழுங்கில்.

பிழையானது: "நீர் ஒருநாளும் என்னை ஒரு மனிசனாக் கணக்கெடுக்கிறேல்லை. உம்மட அம்மாவும் அப்பிடித்தான்."

சரியானது: "போன கிழமை அறைக்குப் பெயின்ற் அடிக்கிற விசயத்தைப் பெயின்ற்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு, நான் தேவையில்லாத ஆள் மாதிரி. இனி அப்பிடி ஒண்டு செய்ய முன்னம் என்னட்டையும் ஒருக்காச் சொல்லும்."

முதலாவதில் "ஒருநாளும்" இருக்கிறது, அம்மாவும் வந்துவிட்டா. "எப்பவும்", "ஒருநாளும்" என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர் அது நடக்காத ஒரு நாளைத் தேடத் தொடங்குவார், நீங்கள் சொன்னது காணாமல் போகும். அம்மாவை இழுத்தால் கதை அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, ஆளை விளிக்கிற சொல். மேலே என் கொப்பியைப் பாருங்கள்: "சமைச்சிருக்கிறியோ". நான் மனைவியை "நீர்", "இஞ்சாரும்" என்றுதான் சொல்வேன். அவ எனக்கு "இஞ்சாருங்கோ". கொதியில் "நீர்" வழுக்கி "நீ" ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை, அவவுக்குத் தெரிந்தது. உப்பை அவ மறந்துவிட்டா, அந்த "றியோ"வை மறக்கவில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போது "நீ" என்று வாயில் வந்தால் உடம்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி நாலாம் படிக்குப் போங்கள். அண்ணைமாருக்கு "நீங்கள்" போய் "நீர்" வருவதும் இதே கணக்கு.

மற்றவர் சொல்லும்போது பதில் தேடாதீர்கள். அவர் முடித்ததும், "நான் கேக்காமப் போனது உமக்குப் பாரமா இருந்திருக்கு, அப்பிடியோ?" என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஓம்" என்று வந்த பிறகே உங்கள் பக்கம். இது செயற்கையாகப் படும். முதல் தடவை என் மனைவி சிரித்துவிட்டு, "என்ன, ரேடியோ மாதிரித் திருப்பிச் சொல்லுறியள்?" என்றா. சிரித்தது நல்லது.

ஒரு தடவைக்கு ஒரு விசயம், இருபது நிமிடம். நன்றாகப் போனாலும் நிறுத்துங்கள்.

8. பிழையை ஒத்துக்கொள்ளல்

"மன்னிச்சுக்கொள்ளும்" என்பது எங்கள் வாயில் இலகுவாக வராது, வந்தால் நாடகம் மாதிரி இருக்கும். "நான் அப்பிடிச் சொன்னது பிழை" போதும். அதற்குப் பிறகு "ஆனா" வரக்கூடாது.

9. அவர் விலகிப் போகிறவர் என்றால்

சில வீட்டில் ஒருவர் துரத்துவார், மற்றவர் ஓடுவார். துரத்தத் துரத்த ஓட்டம் கூடும், ஓட ஓடத் துரத்தல் கூடும். அன்ட்ரூ கிறிஸ்ரென்சன் என்ற உளவியலாளர் இந்தச் சுழலை வருடக்கணக்காக ஆராய்ந்தார். இதில் யார் தொடங்கியது என்று பார்த்தால் முடிவே வராது.

துரத்துபவர் நீங்கள் என்றால், ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு நாள் விடுங்கள். ஓடுபவர் நீங்கள் என்றால், கேட்க முன்னமே நேரத்தைச் சொல்லுங்கள்: "இப்ப ஏலாது. சனி பின்னேரம் கதைப்பம்." சனி பின்னேரம் நீங்களாகவே தொடங்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த தடவை யாரும் சனிக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வருகிற தூரத்தில் பாதி மணிக்கூட்டுப் பிழை. யாழ்ப்பாணத்தில் காலை 9 மணிக்குப் போன் எடுத்தால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் முந்திய நாள் இரவு 11.30, குளிர்காலத்தில் 10.30. அவன் இரட்டை வேலை முடித்து வந்து படுக்கிற நேரம். "இரண்டு சொல்லுக்கு மேல கதைக்கிறானில்லை" என்று ஒரு ஐயா வருடக்கணக்காக மனம் உடைந்திருந்தார். இரவு ஏழரைக்கு எடுக்கச் சொன்னேன். அங்கே காலை, பஸ்சில் போய்க்கொண்டு பையன் இருபது நிமிடம் கதைத்தான். போன் எடுத்ததும், "உனக்கு எங்கட நினைப்பு இருக்கோ" என்று தொடங்காதீர்கள். அதற்கு அவனால் கொடுக்கக்கூடிய பதில் ஒன்றுமில்லை.

10. சறுக்கலும், வேறு கைகளுக்குக் கொடுக்க வேண்டிய இடமும்

சறுக்குவீர்கள். அநேகமாக ஐந்தாம் கிழமையில், எல்லாம் சரி என்று கொப்பியை விட்ட பிறகு. முதலாம் படிக்குத் திரும்ப வேண்டாம். நாலு, ஆறு மட்டும் ஒரு கிழமை.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாக முயலாதீர்கள்: கை நீட்டியது, பொருள் உடைத்தது, பிள்ளை உங்களைக் கண்டால் வேறு அறைக்குப் போவது, கெட்ட கனவும் திடுக்கிடலும் குறையாதது, செத்தால் நல்லது என்ற எண்ணம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. கட்டணமில்லாமல் கதைக்க 1333. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறான்" என்று ஊர் கதைக்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் போனபோது வாங்கில் எனக்கு முன்னால் இருந்தவர் எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீடு. இரண்டு பேரும் வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தோம்.

மற்றவர் வரவே மாட்டேன் என்றாலும் நீங்கள் நிறுத்தத் தேவையில்லை. மூன்று நாலு ஐந்து படிகளுக்கு அவர் தேவையில்லை. ஆறு மட்டும் ஆறு மாதம் செய்தும் பை வெறுமையாகவே வந்தால், அனுப்புவதை வருடத்துக்கு இரண்டு தடவையாகக் குறையுங்கள், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அடியோடு நிறுத்தினால், இவ்வளவு நாளும் அனுப்பியது எதையோ எதிர்பார்த்துத்தான் என்று ஆகிவிடும்.

எல்லாவற்றையும் பெரிய கதைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. அண்ணையும் நானும் இப்போது கிழமைக்கு இரண்டு தடவை ஒரே வரம்பில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறோம். அந்தியேட்டிக் கதை கதைத்தாயிற்று. மிசினைப் பற்றி இன்னும் கதைக்கவில்லை. அது என் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடக்கிறது, அவர் வரும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கடைசியாக, கொப்பி. முடிந்ததும் அடுப்பில் போடுங்கள். அலுமாரிக்குள் வைத்தால் என்றோ ஒருநாள் பிள்ளைகள் எடுத்து வாசிப்பார்கள்.